தமிழ்நிலாவின் ஐஸ்க்ரீம் கடை

தமிழ்நிலாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பதினெட்டு நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தன. அன்று காய்ச்சலோடு படுத்தபடி போனில் ஐஸ்க்ரீம் கடை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஐஸ்க்ரீம் கொடுத்து முடித்திருந்தாள். அம்மா கிருபாவுக்கு அந்த எண் மறக்கவில்லை. போனை ஜன்னலில் வைத்து, தினம் சார்ஜ் மட்டும் போட்டுவந்தாள்.

இன்று உப்பளத்திலிருந்து திரும்பி அதை எடுத்தபோது, விளையாட்டு திறந்திருந்தது. எண் இருபதாயிரத்து அறுபத்து மூன்று.

"ஏங்க, நீங்களா ஆடுனது?" என்று கணவனைக் கேட்டாள்.

"நல்லா கேட்ட போ. கால் வந்தாலே எடுக்க முடியாம நாலு தடவ தேய்க்கிறேன்," என்றான் மரியதாஸ்.

உண்மைதான். உப்புத்தண்ணீரில் வெடித்துக் காய்ந்த அவர்கள் விரல்களுக்கு அந்தத் திரை அசைந்து கொடுப்பதில்லை. யாராவது கூப்பிட்டால் மகள்தான் தொட்டுக் கொடுப்பாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோன் நிரம்பியது. பொம்மைக் கிழவர் வாங்கிக்கொண்டு கைதட்டினார். இருபதாயிரத்து அறுபத்து நான்கு. அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

மரியதாஸ் அவள் காதோரம் குனிந்தான். "ஒண்ணும் சொல்லிடாத கிருபா. தெரியாமலே ஆடிக்கிட்டிருக்கட்டும். நம்ம கூடவே இருப்பா."

"பதினெட்டு நாளா ஒரு நிமிஷம் உக்காரலைங்க எம்பொண்ணு. காய்ச்சல் உடம்பு."

அடுத்த கோன் கோணலாக நிரம்பி வழிந்தது.

கிருபா போனை மடியில் வைத்துக் குனிந்தாள்.

"போதும் கண்ணு. கடைய மூடிடு. நீ செத்துட்டடி."