பச்சைப் பலகை

"என் வீட்டுக்காரி உட்கார்ற இடத்துக்கு மேல அந்தப் பலகை இனிமே இருக்கக்கூடாது மேடம். சொல்லிட்டேன்."

உள்ளே நுழைந்தவனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பாதுகாப்பு அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கிடங்கில் கணக்கு எழுதும் பெண்ணின் கணவன் அவன். அவளுக்கு இப்போது ஏழு மாதம். கல்யாணமாகிப் பல வருஷம் தவம் கிடந்து உண்டான பிள்ளை. கிடங்குக் கதவுக்கு மேல் பச்சையாக ஒளிரும் 'வெளியே செல்லும் வழி' பலகை கதிரியக்கத்தால் எரிகிறது என்று யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை.

"உட்காருங்க. அதுக்குக் கரண்டே வேணாம், தெரியுமா? போன வருஷம் புகை சூழ்ந்து விளக்கெல்லாம் அணைஞ்சப்போ, உங்க சம்சாரம் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் வெளிய வந்தாங்க."

"அதுக்காக? விஷம் விஷம்தானே?"

"உள்ள இருக்கிறது வாயு. கண்ணாடிக் குழாய்ல அடைச்சிருக்கு. அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. சும்மா கிடக்கிறவரைக்கும் அது பரம சாது."

"உடைஞ்சா?"

"அவ்வளவு உசரத்துல எப்படி உடையும்?"

"பேச்சுக்குக் கேட்கிறேன் மேடம்."

"வாயு வெளிய வரும். கிடங்கு பெருசு, காத்துல கலைஞ்சுடும். ஆட்களை வெளிய அனுப்பிட்டுக் கதவைத் திறந்துவிட்டா போதும். அடைச்ச சின்ன இடம்னாதான் வம்பு. மூச்சோட உள்ள போயிடும். அதுவும் மாசமா இருக்கறவங்கன்னா..."

அவள் பேச்சை நிறுத்தினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தான். இரண்டு ஸ்க்ரூக்கள்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கழட்டிட்டீங்களா? பலகை எங்க?"

"மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்போ கழட்டினேன். மறுபடி யாரும் மாட்டிடக்கூடாதுன்னு, கார்ல பின்சீட்டுக்கு முன்னால கீழ போட்டு, சத்தம் வெளிய கேட்காமக் கதவைச் சாத்திக்கிட்டு, சுத்தியலால நாலு போடு போட்டேன். பச்சை அணைஞ்சா விஷமும் போயிடும்னு நினைச்சேன்."

அவள் போனை எடுத்துக்கொண்டே எழுந்தாள்.

"சரி, பதறாதீங்க. யாரையும் கார்கிட்ட விடக்கூடாது. உங்க சம்சாரம் கிடங்குலதானே இருக்காங்க?"

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினான். குரல் மட்டும் உடைந்து பின்னால் வந்தது.

"வெயில்ல நிக்காதேன்னு, கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு, ஏசியைப் போட்டு அவளைக் கார்லதான் மேடம் உட்கார வச்சுட்டு வந்தேன்."