மீன்கூடையும் ஒன்பது நிமிஷமும்

"இன்னா அண்ணி, இன்னிக்கும் கூடையா?"

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் மஞ்சுவின் முகம் சுண்டிப்போனது. அண்ணி ஜமுனாவின் தலையில் மீன்கூடை. மேலே ஈரச் சாக்கு, அதிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர்.

"ஏன், கூடைக்கு இன்னா? பட்டணம் வரைக்கும் போறோம்ல?" என்றாள் ஜமுனா.

ஒரே ஒரு நாள் வியாபாரத்தை விட இந்த அண்ணிக்கு மனசு வராதா என்று எரிச்சலாக இருந்தது மஞ்சுவுக்கு.

அவள் அவசரம் அவளுக்கு. நாக்பூரில் மீன்வளப் படிப்பு, கடைசி வருஷம். அண்ணன் மகள் காதுகுத்துக்கு வந்தவள், நாளை மத்தியானம் அங்கே பரீட்சை எழுதியாக வேண்டும். கையில் மாணவர் சலுகை டிக்கெட். காலேஜில் கொடுத்த சலுகைப் படிவத்தைக் காட்டி, வரிசையில் நின்று வாங்கியது. சென்ட்ரலில் மாலை ஆறே காலுக்கு ரயில். அதை விட்டால் பரீட்சைக்குப் போய்ச் சேர முடியாது. ஒரு வருஷம் அம்போ.

துணைக்கு அண்ணன் பெருமாள்தான் வருவதாக இருந்தது. ஆனால் இன்று அவனுக்குப் பாடு. முகத்துவாரத்தில் வலை கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வைத்து ஒரு நாள். விட்டால் அடுத்த முறைக்கு இருபது நாள் காத்திருக்க வேண்டும். அதனால் அவன் வலையோடு போய்விட்டான். அண்ணி கூடையோடு வந்துவிட்டாள்.

காட்டூர் வழியாக பஸ் ஆடி அசைந்து மீஞ்சூர் வந்து சேர்ந்தபோது, பிடிக்க நினைத்த மின்சார ரயில் போயே போய்விட்டது. அடுத்ததில் லேடீஸ் பெட்டியில் ஏறினார்கள்.

ஆபீஸ் பையோடு இருந்த ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இவங்களுக்குன்னு தனிப் பெட்டி இருக்கில்ல? இங்க வந்து ஏன் உயிரை எடுக்கிறாங்க?"

மஞ்சுவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அண்ணி, நீ வெண்டர் பெட்டில ஏறியிருக்கலாம்ல?" என்றாள் அடிக்குரலில்.

"உன்னைத் தனியா வுட்டுட்டா?"

மஞ்சு மெல்ல எழுந்து மூன்று சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நாலு வருஷமாக மீனைப் பற்றியே படிக்கிறவள், மீன் நாற்றத்துக்கு ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி யாரோ, தான் யாரோ. ஜமுனா அதைப் பார்த்தாள்.

வழியில் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. மஞ்சு செல்போனில் மணி பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஒருவழியாக சென்ட்ரல் பக்கத்து மின்சார ரயில் நிலையத்தில் வண்டி நின்றபோது மணி ஆறு ஆறு.

இன்னும் ஒன்பது நிமிஷம். வெளியே வந்து, பெரிய ஸ்டேஷனுக்குள் நுழைந்து, பிளாட்பாரம் கண்டுபிடிக்க வேண்டும். எதிரே ஆபீஸ் விட்ட கூட்டம் சுவர் மாதிரி வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் வழி விடுங்க சார்" என்றாள் மஞ்சு. யார் காதிலும் விழவில்லை. பெட்டிச் சக்கரம் ஒருவர் காலில் ஏறித் திட்டு வாங்கினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போச்சு அண்ணி. அவ்ளோதான்."

"இன்னா போச்சு? என் முதுகை வுடாம வா."

ஜமுனா கூடையைத் தலையிலிருந்து இறக்கி இடுப்புக்கு முன்னால் பிடித்தாள். மஞ்சுவின் தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டினாள். மீன் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற குரல் கிளம்பியது.

"மீன் தண்ணி, மீன் தண்ணி. சட்டைல பட்டா நான் பொறுப்பில்ல. தள்ளு நைனா, தள்ளு."

அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை ஒதுங்கியது. பட்டுப்புடவை துள்ளி விலகியது. லேப்டாப் பைகள் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்டன. "கூடையோட எங்கம்மா..." என்று ஆரம்பித்த போலீஸ்காரர், சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். நடுவில் திறந்த வழியில் அண்ணி ஓட, பின்னாலேயே பெட்டியை இழுத்துக்கொண்டு மஞ்சு ஓடினாள்.

பிளாட்பாரத்தில் ரயில் நின்றுகொண்டிருந்தது.

"எந்தப் பெட்டியோ, முதல்ல ஏறு. உள்ளாற நடந்து உன் சீட்டுக்குப் போயிக்கலாம்."

மஞ்சு ஏறினாள். பையும் பெட்டியும் ஏறின. மணி ஆறு பதினாலு. ஒரு நிமிஷம் மிச்சம். மூச்சும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பரீட்சையையே எழுதி முடித்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்புறம்தான் கீழே வேர்த்து வழிய நின்ற அண்ணியைப் பார்த்தாள். மனசு குறுகுறுத்தது.

"என்னால உன் பொழப்பு கெட்டுது அண்ணி. இந்நேரத்துக்கு மேல மீனை எங்க விப்பே?"

ஜமுனா சாக்கை விலக்கிக் கூடையைச் சாய்த்துக் காட்டினாள். பாதி கரைந்த ஐஸ் கட்டி இரண்டு. ஒரு இறால்கூட இல்லை.

"மீனு ஏது? உங்கண்ணன் வலை கட்டவே இப்பத்தான் போயிருக்காரு. நேத்து மீன் கழுவுன தண்ணில சாக்கை முக்கி எடுத்தாந்தேன். இந்த நேரத்துக் கூட்டம் மனுசனுக்கு வழி வுடாது, நாத்தத்துக்கு வுடும். தெனம் பார்க்கிறேன்ல?"

ரயில் நகர்ந்தது. ஜமுனா கூடவே நடந்தாள்.

"இருந்தாலும் மனசுல ஒரு பயம், வழி வுடுவாங்களோ மாட்டாங்களோன்னு. நீயே மூணு சீட்டு தள்ளிப் போய் உக்காந்தே பாரு, அப்பதான் எனக்குத் தைரியம் வந்துது."