மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

"அஞ்சாம் நம்பர் சார், இங்க சினிமா பாக்கக் கூடாது. போர்டுலயே எழுதியிருக்கு" என்றாள் நெட் சென்டர் கவுண்டர்காரி, இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலே.

தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ கனைத்துக்கொண்டார்கள்.

தையல்காரியும் அவள் மகளும் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். தையல்காரியின் கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. பாதி வேலையில் எழுந்து வந்திருந்தாள்.

"அக்கா, நர்ஸிங் காலேஜுக்கு இவ விருப்பத்தப் பதிவு பண்ணணும். இன்னிக்குத்தான் கடைசி."

"ரேங்க் எத்தன?"

"நாப்பத்தொண்ணு" என்றாள் மகள். "எனக்கு மேல இருக்கறவங்க எல்லாம் சேந்துட்டாங்க. ஒரே ஒரு சீட்டு மிச்சம்."

"அப்ப அது உனக்குத்தான். நீ வேணாம்னு சொன்னாத்தான் நாப்பத்திரெண்டுக்குப் போகும்."

தையல்காரி குரலைத் தணித்துக்கொண்டாள். "வெளி கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு போட்டா திருடிடுவாங்களாமே அக்கா? எங்க தெரு வாத்தியார் பேர்ல ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அசிங்க அசிங்கமா மெயில் போச்சு. மனுஷன் ஒரு மாசம் வெளியில தலைகாட்டல."

"நீங்க பயப்படறது நியாயம்தான் தங்கச்சி. வாங்க."

கவுண்டர்காரி அவர்களை மூன்றாம் நம்பருக்கு அழைத்துப் போனாள். மேசைக்கு அடியில் குனிந்து கீபோர்டு வயரை உருவி, அதன் முனையைக் காட்டினாள்.

"இங்க நகம் அளவுக்கு ஒண்ணு சொருகிடுவாங்க. நாம தட்டற ஒவ்வொரு எழுத்தையும் அது பிடிச்சு வச்சுக்கும். சில பேரு கண்ணுக்கே தெரியாம கம்ப்யூட்டருக்குள்ளயே போட்டு வச்சிருப்பாங்க. அதனால நீ கீபோர்டையே தொடாத கண்ணு."

கீபோர்டைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, திரையிலேயே ஒரு கீபோர்டை வரவழைத்தாள். அதைப் பாதித் திரைக்கு இழுத்துப் பெரிதாக்கினாள்.

"மவுஸால ஒவ்வொரு எழுத்தா அமுக்கு. அவசரப்படாத."

மகள் மவுஸைப் பிடித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, நீ அந்தப் பக்கம் திரும்பு."

"பாத்தீங்களா அக்கா? பத்து மாசம் சுமந்தவகிட்ட ஒரு பாஸ்வேர்டு சொல்ல மாட்டேங்கறா."

"அவ செய்யறதுதான் சரி. யாரையும் நம்பக் கூடாது. நானே இங்க நிக்கல, பாருங்க."

கவுண்டர்காரி தன் இடத்துக்குப் போனாள். தன் மானிட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மகள் விண்ணப்ப எண்ணை அமுக்கினாள். அடுத்து பாஸ்வேர்டு. அமுக்கிய எழுத்து ஒரு கணம் நீலமாகி அணைந்தது. பிறகு அடுத்தது. மொத்தம் பதினோரு எழுத்து. பக்கம் திறந்தது. கல்லூரியைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தாள். தையல்காரி இன்ச் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள்.

"முடிஞ்சிருச்சு அக்கா" என்றாள் மகள். "அஞ்சு மணி வரைக்கும் மாத்திக்கலாம்னு போட்டிருக்கு."

"மாத்தறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் தையல்காரி.

"மறக்காம லாக் அவுட் குடு. பாஸ்வேர்ட சேமிக்கவான்னு கேட்டா வேணாம்னு சொல்லு."

வாசலில் செருப்பை மாட்டும்போது தையல்காரி திரும்பினாள். "பெத்த பொண்ணுக்குப் பாக்கற மாதிரி பாத்துப் பண்ணிக் குடுத்தீங்க. மகராசியா இருங்க. உங்களுக்குப் பொண்ணு இருக்காளா அக்கா?"

"ஒருத்தி இருக்கா."

கதவு சாத்திக்கொண்டது. மணி நாலே கால்.

கவுண்டர்காரியின் மானிட்டரில் கடையிலிருந்த ஆறு கம்ப்யூட்டர்களின் திரைகளும் தெரியும்; இப்போது மூன்றாம் நம்பரின் திரை மட்டும் பெரிதாக்கப்பட்டு இருந்தது. பென்சிலால் குறித்து வைத்த பதினோரு எழுத்துகளையும் அவள் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தாள், பிறகு அந்தக் காகிதத்தைத் திருப்பினாள்: அவள் மகளின் ரேங்க் அட்டை, நாற்பத்திரண்டு.