மூணாவது கூப்பாடு

ஆட்டுக்குட்டி கருப்பட்டிக்கு ஜின் பூதம் என்றாலே குலைநடுக்கம். பாழுங்கிணற்று ஜின், தெரிந்தவர் குரலில் இரண்டு தடவைதான் கூப்பிடுமாம்; பதில் சொன்னால் பிடித்துக்கொள்ளுமாம். மூணாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் சொல்லணுமாம்.

"போடா பயந்தாங்கொள்ளி, அங்கேதான் நல்ல தழை இருக்கு" என்று அக்கா சீனி தனியாகக் கிணற்றுப் பக்கம் போனது.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

"தம்பி! உள்ளே விழுந்துட்டேன்டா! காவல் நாயண்ணனைக் கூட்டிட்டு வா!"

கருப்பட்டி வாயைத் திறக்கவில்லை.

"தம்பி, முழுகுறேன்டா!"

அச்சு அசல் அக்கா குரல்தான். ஜின் அப்படித்தானே பேசும்? பல்லைக் கடித்துக்கொண்டு மூணாவது கூப்பாட்டுக்குக் காத்து நின்றது.

அது வரவே இல்லை.

கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தது. கிணற்றோர மண் புதுசாகச் சரிந்து கிடந்தது. தண்ணீர் அசையவில்லை.

"அக்கா!" என்றது கருப்பட்டி. மறுபடியும் கூப்பிட்டது. மூணாவது தடவையும் கூப்பிட்டது.