யோசப்பின் வீட்டுப் பேணி

“அன்ரி, குறை நினைக்காதேங்கோ. உங்கடை வீட்டைப் பற்றிச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுதப்போறன்.”

சொல்லிவிட்டாளே தவிர, யோசப்பின் என்ற அந்த அன்ரியின் முகத்தை மதுராவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கையில் அன்ரி தந்த பிளேன்ரீ வேறு.

கலாநிதிப் பட்டம் எடுத்து, அதுவும் போதாதென்று டெங்கு வைரஸை ஆராய வெளிக்கிட்டவள் மதுரா. குருநகரில் அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தண்ணீர் விட்ட கறுப்புத் தகரப் பேணி வைத்திருந்தாள். நுளம்பு அதில் முட்டையிட வேண்டும். கிழமைக்கொருக்கால் வந்து எடுத்துக்கொண்டு போவாள்.

மற்ற வீடுகளில் வெறுந்தண்ணீர். யோசப்பின் அன்ரியின் பேணியில் மட்டும் குடம்பிப் புழுக்கள் கும்மாளம் போட்டன.

மனுசியின் முற்றத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு துப்புரவு. சிரட்டை, பூச்சாடி, பிரிட்ஜின் பின்தட்டு என்று மதுரா தேடாத இடமில்லை. அப்ப எங்கேயோ தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிறா. எழுதினால், வீட்டில் நுளம்பு பெருகவிட்டதற்கு மனுசி கோட்டுப் படி ஏறவேணும். எழுதாமல் விட்டு, ஒழுங்கையில் ஒரு குழந்தை டெங்கில் போனால்?

“எழுதினால் உங்கடை வேலைக்கு நல்லதோ, டொக்டர் பிள்ளை?”

“அன்ரி, உங்களுக்கு வழக்குப் போடுவினம்.”

“அது கிடக்கட்டும். வேலைக்கு நல்லதோ?”

அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அற்புதராணி ஜாம் போத்தலோடு உள்ளே வந்தா. மதுராவைக் கண்டதும் போத்தலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தா. அதற்குள் நெளிந்ததை மதுரா கண்டுவிட்டாள்.

“உது என்ன?”

யோசப்பின் அன்ரி பெருமூச்சு விட்டா.

“முதல் கிழமை ஒரு பேணியிலையும் ஒண்டுமில்லை எண்டு அழுமாப்போலை நிண்டனீங்கள். நுளம்பு கிடைக்காட்டி ஆராய்ச்சியை நிப்பாட்டிப்போடுவினம் எண்டும் சொன்னனீங்கள். அதுதான் ஒழுங்கைச் சனமெல்லாம் தங்கடை தங்கடை வீட்டிலை தேடி அள்ளுதுகள். வழக்கு வருமெண்டு மற்றவைக்குப் பயம். என்ரை பேணியிலை விடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான்.”

இவ்வளவு நாளும் எடுத்த கணக்கெல்லாம் தண்ணீரோடு போச்சு. மதுரா அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டாள்.

அற்புதராணி கவலையோடு போத்தலை நீட்டினா.

“இவ்வளவுதான் அகப்பட்டது, பிள்ளை. இனி எங்கடை ஒழுங்கையிலை மருந்துக்கும் ஒரு குடம்பி இல்லை. நாளைக்குப் பக்கத்து ஒழுங்கையிலை இறங்குறம், நீங்கள் வேலையை மட்டும் விட்டிடாதேங்கோ.”