கன்னத்துல என்னமோ இருக்கு

“பொறந்ததுல இருந்தே இருக்குண்ணே. ஒட்டாது, வலிக்காது, துடைச்சாலும் போகாது. நீங்க டிக்கெட்டக் குடுங்க.”

தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிய விரலை டவுன் பஸ் கண்டக்டர் அப்படியே மடக்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தார். பாவம், அதற்கப்புறம் காரைக்குடி வரைக்கும் மனிதர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

தீபலட்சுமிக்கு இதெல்லாம் பழக்கம். இடது கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும் நாவல்பழச் சாற்றைக் கொட்டியதுபோல ஒரு திட்டு. அவளோடு கூடவே பிறந்தது. பார்க்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அவர்களையே வகைபிரித்து வைத்திருந்தாள். உச்சுக் கொட்டுகிறவர்கள் ஒரு வகை. கேட்காமலே வைத்தியம் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. புதுவயலில் அவள் தெருவில் மட்டும் ஆளுக்கொரு பச்சிலை வைத்திருந்தார்கள். இவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். ‘என்னமோ ஒட்டியிருக்கு’ என்று துடைக்கவே கிளம்பி வருகிறவர்கள்தான் பெரும்பாடு.

இன்றைக்கு அந்தக் கடைசி வகைக்குத் திருவிழா போல. பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா முந்தானையோடு வந்தார். பள்ளிக்கூட வாட்ச்மேன் வீரபாண்டியன் வணக்கம்கூடச் சொல்லாமல் குழாயடியைக் காட்டினார். இரண்டு பேருக்கும் கண்டக்டருக்குச் சொன்ன அதே பதில்.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இன்றைக்குப் பேச வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே நடந்தாள். இதே பள்ளிக்கூடத்தில் இடது கன்னத்தில் கையை ஊன்றியபடியே படித்து முடித்தவள் அவள். முகத்தில் வித்தியாசம் இருக்கிறவர்களைப் பார்த்தால் எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைகளிடம் பேச வேண்டுமென்று, தலைமையாசிரியை மெய்யம்மையிடம் நடையாய் நடந்து, ஒரே ஒரு பீரியடு வாங்கியிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. சரிப்பட்டு வந்தால் எல்லா வகுப்புக்கும் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு, மெய்யம்மையும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

தீபா பேசினாள். கண் இருந்தால் பார்க்கத்தான் செய்யும், முதல் பார்வையில் தப்பே இல்லை. அதற்கப்புறம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றாள். மின்விசிறி பேருக்குச் சுற்றியது. வியர்த்துக் கொட்டியது.

முதல் பெஞ்சில் அஜித் கையைத் தூக்கினான்.

“அக்கா, கன்னத்துல…”

“தெரியும்டா தம்பி. கூச்சப்படாமக் கேளு.”

“வழியுதுக்கா.”

வகுப்பே சிரித்தது. தீபா கோபப்படவில்லை. தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் விரிந்திருப்பதால் வருகிற நிறம் அது, வழியவும் வழியாது, தொட்டால் ஒட்டவும் ஒட்டாது என்று பொறுமையாக விளக்கினாள்.

கீர்த்தி என்கிற பெண் எழுந்து, வரும்போது இருந்ததைவிட இப்போது பெரிசாகிவிட்டது என்றாள். அதற்கும் தீபா அசரவில்லை. ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் பெரிசாகத்தான் தெரியும், அதனால் இடத்தைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள் என்றாள். யோசித்து வைத்திருந்த பேச்சில் இல்லாத வரி அது, தானாக வந்து விழுந்தது. அவளுக்கே பிடித்துப்போனது.

அந்த நேரம் பார்த்து மெய்யம்மை எழுந்தார். கைக்குட்டையை நீட்டியபடி நேராக முன்னால் வந்தார்.

தீபா ஓரடி பின்னால் நகர்ந்தாள். வாயைத் திறந்தால் மற்ற வகுப்புகள் கைவிட்டுப் போய்விடும். திறக்காவிட்டால் இத்தனை நேரம் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும்.

“கோவிச்சுக்கிறாதீக டீச்சர்,” என்றாள். “பாத்தீகளா பிள்ளைகளா, இதத்தான் சொன்னேன். பாசத்துலதான் துடைக்க வர்றாக. ஆனா என் மூஞ்சியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

மெய்யம்மையின் கை பாதியிலேயே நின்றது. அவர் கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் போய் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அந்த வகுப்பில் கன்னத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மணி அடித்ததும் மெய்யம்மை அவளை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“எனக்கே பாடம் எடுத்துட்டீக. நல்லாத்தான் இருந்துச்சு, எல்லா வகுப்புக்கும் வாங்க. அடுத்த பீரியடே ஏ பிரிவுல பேசிருங்க. அதுக்குள்ள தண்ணி குடிச்சிட்டு, மூஞ்சிய…”

சட்டென நாக்கைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

தீபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆசிரியைகள் அறைக்குள் துள்ளிக்கொண்டு நுழைந்தவள், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

இடது கன்னம் எப்போதும்போல இருந்தது. வலது கன்னத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு மை. வியர்வையில் கரைந்து கழுத்துவரைக்கும் கோடு இழுத்திருந்தது.

உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

“ஆமாத்தா, நாந்தான் வச்சேன்,” என்றாள் அம்மா, அலட்டிக்கொள்ளாமல். “கெளம்பையில கன்னத்த வழிச்சேன்ல, அப்ப. இம்புட்டு அழகான புள்ள அத்தன பேரு முன்னாடி போயி நிக்கப்போற, கண்ணு பட்டுறாதா?”

ஏ பிரிவுக்கு மணி அடித்துவிட்டது, கையில் ஈரக் கைக்குட்டையோடு தீபா இன்னும் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறாள். துடைத்துவிட்டுப் போகட்டுமா, அப்படியே போகட்டுமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?