மஞ்சள் மீனுக்கு இடம்

மஞ்சள் மீன் இன்னும் பொலித்தீன் பைக்குள்தான் மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் தொட்டியிலிருந்த பழைய நீல மீன் வந்து பையை முட்டத் தொடங்கிவிட்டது.

சஞ்சீவனி முழங்கைவரை தொட்டிக்குள் கையை விட்டுக் கற்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுதான் அவளுக்கு இடித்தது.

மூன்று வருடமாக இந்தத் தொட்டி முன்னறையில் இருக்கிறது. ஒரு நாளாவது ஒரு சிட்டிகை இரை போட்டிருப்பாரா மனுஷன்? இன்றைக்கு, கடை பூட்டுகிற ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, கண்டிக்குப் போய் மீன் வாங்கி வந்திருக்கிறார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றே வந்தாராம்.

அப்பா ஐஸ் வைக்கிறார் என்பதுவரை அவளுக்கு விளங்கிவிட்டது. எதற்கு என்பதுதான் விளங்கவில்லை.

போன வாரம் டேப்பை எடுத்து முன்னறைச் சுவரை அளந்தார். போன் வந்தால் வாசல் கேட்டடிக்குப் போய்ப் பேசுகிறார். கேட்டால், "கடை விஷயம்" என்கிறார். அவர் வேலை செய்கிற கடையில் அப்படி என்ன ரகசியம், ஆணியும் பெயின்டும் விற்கிற இடத்தில்?

தொட்டியை விற்கப்போகிறார். பிறகு அவளை மாத்தளைக்குப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப்போகிறார். வயசுப் பிள்ளையைத் தனியாக வைத்திருக்கிறாயே என்று பெரியம்மா போன தீபாவளிக்கே ஆரம்பித்துவிட்டாள். அம்மா செத்த பிறகு இந்த வீட்டில் மிஞ்சியது இரண்டே பேர். அதிலும் ஒருத்தியைக் கழித்துவிடப் பார்க்கிறாரா? அவள் ஒரு பெரிய கல்லைப் பிடுங்கி மறு மூலையில் வைத்தாள்.

"என்னாத்துக்குப் புள்ள எல்லாக் கல்லையும் கலைக்கிற? நல்லாத்தானே இருந்துச்சு."

"கலைக்காட்டி இந்த நீலம் சும்மா இருக்காதுப்பா. பொந்து, மூலை எல்லாம் தன்னோடதுன்னு நெனச்சிக்கிட்டிருக்கு. மாத்திட்டா அதுக்கும் இது புது வீடுதான். அப்பத்தான் புதுசு தப்பும்."

சிக்லிட் என்கிற இந்த வகை மீன்களின் குணமே அப்படி. ஒரு தடவை கல்லைத் தொடாமல் புது மீன் ஒன்றை விட்டாள். பின்னேரமே அதன் வால் போயிற்று. மறுநாள் காலை மேலே மிதந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் முறையாகத்தான் செய்வாள். முதலில் கல்லை மாற்றுவாள், பிறகு பழைய மீன்களுக்கு வயிறு நிறைய இரை போடுவாள், லைட்டை அணைத்துவிட்டுத்தான் புதியதை விடுவாள்.

அப்பா பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரை போடுவது முன்னமா பின்னமா என்று இரண்டு தடவை விசாரித்தார்.

விற்கிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு? வாங்குகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கவா? கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவர் ஆம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டாள்.

இரை போட்டாள். லைட்டை அணைத்தாள். பையின் கட்டை அவிழ்த்துச் சரித்ததும் மஞ்சள் மீன் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு கல்லோரம் அசையாமல் நின்றது. நீலம் தன் பொந்தைத் தேடித் தொட்டியை இரண்டு முறை சுற்றியது. பொந்து இருந்த இடத்தில் இப்போது வெறும் மணல்.

அப்பா கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தார்.

"எல்லாத்தையும் மாத்தி வச்சாலும்... அவங்கள கடிக்குமா புள்ள?"

சஞ்சீவனி ஈரப் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அவங்க.

மீனை யாரும் அவங்க என்று சொல்வதில்லை. அப்பா தன் முதலாளியையே வீட்டில் அவன், இவன் என்றுதான் பேசுவார்.

என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை. அவர் கண் மஞ்சள் மீனைவிட்டு நகரவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை.

அப்படியென்றால் அந்தப் போனும் சுவரளவும் இந்த வீட்டுக்கு வரப்போகிற ஒருத்திக்காகத்தான். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. எடுத்து வைத்த கற்களையெல்லாம் பழையபடி அடுக்கிவிடலாம் போல இருந்தது. மனுஷன் மகளைக் கண்டுதான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்திருக்கிறார் என்பது கொஞ்சம் பிந்தித்தான் அவளுக்கு உறைத்தது.

"கொஞ்ச நாளைக்குக் கடிக்கும்ப்பா," என்றாள். "அவங்க பேரு என்ன?"